பூரி, கிழங்கு, நாலு ஐஸ் பாட்டில்

ஏப்ரல் 24, வியாழன்

மீன் தொட்டி 31 டிகிரி. பாப்பா 98.2.

காலை எட்டு மணிக்கே கிழக்குச் சுவர் சுடுகிறது. மாடி வீடு, தலைக்கு மேல் வெறும் தளம், தளத்தின் மேல் கறுப்பு டேங்க். மதியம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். மேற்கே மலை முழுக்க மேகம். தேனிக்கு அதில் ஒரு பொட்டுகூட இல்லை.

செய்ய:
மீன் தொட்டி லைட்டைப் பகலில் போடக் கூடாது. மதினியிடம் சொல்ல.
மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துண்டு கட்ட.
டேபிள் ஃபேன் துடைத்துத் தொட்டிக்கு நேராக.
ஓவியாப் பாப்பாவுக்கு வேர்க்குரு பவுடர்.
காய்ச்சல் சிரப்பில் தேதி பார்க்க. (பார்த்தாச்சு. மறுபடியும் பார்க்க.)

பூரி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கிழங்கு அடியிலேயே. பெயர் வைத்தது பாப்பா. ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருப்பது பூரி. வெள்ளையாக இருப்பது கிழங்கு. "வெள்ளையா இருக்கே, கிழங்கு மஞ்சளால்ல இருக்கும்?" என்று போன வருடமே கேட்டேன். "இது மஞ்சப்பொடி போடாத கிழங்கும்மா" என்றாள்.

போன சித்திரையில் காய்ச்சல் ஏறிப் பாப்பாவுக்கு வலிப்பு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவர் வாங்கிக் கொடுத்த மீன்கள். ஒரு வருடம் ஆகிவிட்டது. எழுதவே கை வரமாட்டேன் என்கிறது, அந்த வார்த்தையை.

மலைமேல் வண்டன்மேட்டிலிருந்து அவர் போன். ஏலக்காய் ஸ்டோரில் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமைதான் இறங்கி வருவார்.

"இங்கன குளிருது சுதா. கம்பளி போத்தித்தான் உக்காந்திருக்கேன். புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரேன், ரூம் கேட்டுப் பாக்குறேன்."

"அங்கன டாக்டர் எங்க இருக்காக?"

"குமுளில இருக்காக."

"நடுராத்திரி ஜீப் கிடைக்குமா?"

பிறகு, "அப்ப மீனை மட்டும் அனுப்பி வை, நான் பாத்துக்கிறேன்" என்றார். சிரிப்பு வேறு.


ஏப்ரல் 25, வெள்ளி

தொட்டி 32. பாப்பா 98.4. மதியம் இன்னொரு தடவை, 98.4.

தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம், வேதியியல், ஐந்து மார்க் கேள்வி. வரைபடம்கூட ஞாபகம் இருக்கிறது. அப்போது ஒரு கோடு. இப்போது அந்தக் கோட்டின் கடைசியில் பூரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

மீன் கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "பெரிய ஊர்ல சில்லர் மாட்டுவாக மேடம். நம்ம பக்கம் ஃபேனும் ஐஸ் பாட்டிலும்தான். ஆனா ஒண்ணு, ஒரேயடியாக் குளிர வச்சிராதீக. ஒரு பாட்டில் போடுங்க. உருகினப்பறம் அடுத்தது. பச்சைத் தண்ணிக்குப் பழகுன உசுரு, வெடுக்குனு மாத்துனா தாங்காது." பேட்டரி மோட்டார் ஸ்டாக் இல்லையாம். கரண்ட் போனாலும் ஓடும், அதுதான் எனக்கு வேண்டும்.

அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் அடைத்து உறையவைக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் இரண்டுதான் கொள்ளும். கீழ்வீட்டு ஓனர் அக்காவிடம் இரண்டு கொடுத்தேன்.

"ஏம்மா, மனுசருக்கே பானைத் தண்ணிதான் இந்த வீட்ல. ஒம் மீனுக்கு ஐஸ் வாட்டர் கேக்குதா?" என்றார். ஆனால் மீன் குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தார். அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் பாட்டிலை வைக்க எனக்கு என்னமோபோல் இருந்தது.

செல்வி மதினி இன்றும் விடியுமுன் பஸ் ஏறி வீரபாண்டிக்குப் போய்வந்தாக. கோயில் முன்னால் அத்திமரக் கம்பம் நட்டிருக்கிறது. திருவிழா முடியும் வரைக்கும் அம்மனுக்குச் சூடு தணிய அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆற்றுத் தண்ணீர், மஞ்சள், வேப்பிலை. மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் வீட்டோடு ஒத்துவராமல் வந்தவக, எங்களோடுதான் இருக்காக, நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை. போன வருடம் பாப்பாவுக்குக் கண் செருகியபோது தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ரோட்டில் ஓடியது மதினிதான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடும்போதே நேர்ந்துகொண்டாகளாம்: அடுத்த சித்திரையில் நான் தினமும் ஊத்துறேன், புள்ள வந்து தன் கையால ஒரு சொம்பு ஊத்தும்.

வெயிலில், கூட்டத்தில், பாப்பாவை. முடியவே முடியாது என்றுவிட்டேன்.

"காய்ச்சல் வந்ததுக்குக் காரணம் கிருமி மதினி. கம்பம் இல்ல."

"சரி ஆத்தா. நீ படிச்சவ. கிருமிக்கும் சேத்து ஊத்திட்டு வாரேன்."


ஏப்ரல் 27, ஞாயிறு

தொட்டி... இன்று கணக்கில்லை. பாப்பா 98.

காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால் தொட்டி முழுக்க மஞ்சள். சாம்பார் மாதிரி. மேலே வேப்பிலை மிதக்கிறது. பூரி வேப்பிலைக்கு அடியில் ஒதுங்கி நிற்கிறது.

கம்பத்துக்கு ஊற்றியது போக மீதித் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து, வழக்கம்போல் பாப்பா தலையில் தெளித்து, வாசலில் தெளித்து, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றியிருக்காக.

"நீதான மூணு நாளா சூடு சூடுன்னு பொலம்புற. அம்மனுக்கே தணியுது, ஒம் மீனுக்குத் தணியாதா?"

கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று முழுதாக எழுத வேண்டாம். "செத்துப்போனா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மதினி சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாக.

அவர் ஞாயிறு தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, இரண்டையும் வாளிக்கு மாற்றி, பானையில் முந்தாநாளே பிடித்து மருந்து நெடி போகவிட்டிருந்த தண்ணீரைப் பாதிக்கு மாற்றினார். ஃபில்டர் பஞ்சைப் பிழியப் பிழிய மஞ்சள். கிழங்கின் ஓரம் கிழிந்த வாலும் துடுப்பும் மஞ்சளாகவே நின்றுவிட்டன.

பாப்பா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். "இப்பத்தாம்மா நெசக் கிழங்கு!"

அவர் சிரித்தார். மெஷின் சத்தம் ஒரு கணம் நின்றது, மதினியும் சிரித்திருப்பாக. நான் சிரிக்கவில்லை.


ஏப்ரல் 29, செவ்வாய்

தொட்டி 32. ஒரு பாட்டில் போட்டபின் 30. பாப்பா 98.6. இது காய்ச்சல் இல்லை, இது சாதாரணம், புத்தகத்தில் இருப்பதே இதுதான். தெரியும். ஆனாலும் இரண்டு தடவை.

இரண்டும் உயிரோடு இருக்கின்றன. கிழங்கு இன்று தீனி தின்றது.

இதை எங்கேயும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். மார்ச் மாதம் வெயில் தொடங்கியபோது மனசுக்குள் ஒன்று வைத்தேன். இந்தக் கோடை முடியும் வரை பூரியும் கிழங்கும் உயிரோடு இருந்தால் பாப்பாவுக்கு வலிப்பு வராது.

யார் சொன்னது? யாரும் இல்லை. டாக்டரம்மா சொன்னது வேறு. "அஞ்சு ஆறு வயசோட போயிரும்மா, நெறையப் பிள்ளைகளுக்கு வாரதுதான், மூளைக்கு ஒண்ணும் ஆகாது." அதை நம்புகிறேன். ஆனால் கண்ணாடி வழியாகத் தினமும் எண்ணிக்கொண்டிருப்பது இதை. ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு.

மதினியின் கம்பத்துக்கும் என் தொட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. மதினிக்காவது சாமி இருக்கிறது.

புளி தீர்ந்துவிட்டது. கேஸ் புக் பண்ண.


மே 1, வியாழன்

தொட்டி 32, பிறகு பார்க்க முடியவில்லை. பாப்பா 98.4.

மே தினம், மதினிக்கு லீவு. சாயங்காலம் காற்றுமில்லாமல் மழையுமில்லாமல் திடீரென்று கரண்ட் போனது. ஃபேன் நின்றது. தொட்டி மோட்டார் நின்றது. அந்தக் குமிழிச் சத்தம் நின்றவுடன் வீடே வேறு வீடு மாதிரி. பூரி உடனே மேலே வந்துவிட்டது, பின்னாலேயே கிழங்கும்.

போனில் தேடினேன். தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து மறுபடி தொட்டிக்குள்ளேயே ஊற்ற வேண்டுமாம், விழும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போகும். டம்ளரை எடுத்தேன். மொண்டு ஊற்றினேன். மொண்டு, ஊற்றி. தோள்பட்டை கழன்றுவிடும் போல. ஜாக்கெட் முழுக்க வேர்வை.

மதினி சுவரில் சாய்ந்து விசிறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாக. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. கடைசியில் தாங்கவில்லை.

"ஏ சுதா, அப்புடியே ரெண்டு வேப்பிலையும் போட்டேன்னு வையி, வீரபாண்டி ஆத்தா இங்கனயே எறங்கிருவா."

"இது ஆக்ஸிஜனுக்கு மதினி."

"நாங்களும் எதுக்கோதான புள்ள ஊத்துறோம்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரை வாங்கிக்கொண்டு மதினி ஊற்றினாக. சேலையை இடுப்பில் செருகி, கையை நன்றாக ஓங்கி, கோயிலில் ஊற்றுகிற மாதிரியே. பாப்பா பக்கத்தில் நின்று "அத்தை எனக்கு, அத்தை எனக்கு" என்று ஒரு சின்ன டம்ளரோடு. கரண்ட் வரும் வரை மாற்றி மாற்றி ஊற்றினோம். வந்ததும் மோட்டார் ஒரு இருமல் இருமிவிட்டு ஓடியது.

இரண்டும் இருக்கின்றன.

பிறகு மதினி மெதுவாக, "நீ அந்த மீனப் பாக்குற பார்வையே சரியில்ல" என்றாக. எப்படி என்று கேட்டேன். ஒண்ணுமில்ல, போய்ச் சோறு தின்னு என்றுவிட்டாக.


மே 3, சனி

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் ஒட்ட வேண்டும்.

மதியம் சாப்பிட மாட்டேன் என்றாள். கை வைத்தேன். கை வைத்தவுடன் தெரிந்துவிட்டது. 101.4. சிரப் கொடுத்தேன். குறையவில்லை. மதினி வேலைக்குப் போயிருந்தாக. கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன், மேலே செருகுகிறதா, செருகுகிறதா என்று.

அப்போதுதான் கரண்டும் போக வேண்டுமா. தொட்டி 33. இரண்டும் மேலே. மடியில் பாப்பா, மொண்டு ஊற்றக் கை இல்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டே கீழே போய் ஓனர் அக்கா ஃப்ரீசரிலிருந்து இரண்டு, எங்களுடையது இரண்டு, நாலு பாட்டிலையும் சேர்த்துத் தொட்டிக்குள் போட்டேன். போட்டேன் என்று எழுதுகிறேன், எறிந்தேன். அதற்குள் அவர் வந்துவிட்டார். சாவியை ஓனர் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பைக்கில் மூவரும் ஆஸ்பத்திரிக்கு.

103 வரை போனது. நர்ஸ் சட்டையைக் கழற்றி ஈரத்துணி வைத்தாள். ஐஸ் வாட்டர் வேண்டுமா, வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். டாக்டரம்மா கோபித்துக்கொண்டார்கள். "ஐஸ் எல்லாம் கூடாதும்மா. சாதாக் குழாத் தண்ணி போதும். மெதுவாத்தான் எறங்கணும்."

இரவு இங்கேயே இருக்கச் சொல்லியிருக்காக. பாப்பா தூங்குகிறாள். அவர் வராந்தா பெஞ்சில். மூச்சை எண்ணுகிறேன்.

வலிப்பு வரவில்லை. இது வரை வரவில்லை.

நாலு பாட்டில். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மதினிக்குப் போன் போட்டு மீன் இருக்கிறதா என்று கேட்கலாம். பயமாக இருக்கிறது. கேட்கவில்லை.


மே 4, ஞாயிறு

தொட்டி 30. பாப்பா 99. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

காலையில் இட்லி வாங்கப் போன அவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாம். ஆறிப்போன இட்லி. பாப்பா இரண்டு தின்றாள். இரண்டு!

மதினி வாசலிலேயே நின்றாக. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "இருக்குதுக, இருக்குதுக, ரெண்டும் இருக்குது, போய்ப் பாரு" என்றாக.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பூரி. கிழங்கு. ஒன்று, இரண்டு. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிழைத்து வந்ததற்கு அழாதவள் இதற்கு அழுதேன் என்று யாராவது நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மனசுக்குள் வைத்தது பலித்துவிட்டது. 103 வரை ஏறியும் வரவில்லை.

நாலு பாட்டிலும் கழுவி, தண்ணீர் அடைத்து, மறுபடி அதனதன் ஃப்ரீசரில் இருந்தன. மதினி வேலை.

கிழங்கு கொஞ்சம் மெலிந்தது போல இருக்கிறது. பாவம், அதற்கும் பயந்த நாள்தானே. மஞ்சள் மட்டும் அப்படியே பளிச்சென்று.

மதியம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன். எழுந்தபோது அவர், மதினி, பாப்பா மூவரும் கீழே முருங்கை மரத்தடியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது, பரவாயில்லை.


மே 5, திங்கள்

தொட்டி 30. பாப்பா 98.4.

விடியுமுன் அவர் மலைக்குக் கிளம்பிப் போனார். காய்ச்சல் இல்லை. ஆனால் பாப்பா தொட்டிப் பக்கமே போகவில்லை. காலையில் எழுந்தவுடன் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பவள். "ஏண்டா, பூரிக்குத் தீனி போடலையா?" "நீ போடும்மா."

இது சோர்வா, வேறு ஏதாவதா? காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளை மந்தமாகிவிட்டதா? டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அவர்கள் பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. இருக்கட்டும்.

மதினியும் அவளும் சமையலறையில் குசுகுசுவென்று. நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரியாமல் வீரபாண்டிக்குக் கூட்டிப்போகத் திட்டமா?

கிழங்கு தின்னவில்லை. ஓட்டாஞ்சில்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. பூரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்து பார்க்கிறது, புதிதாக வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி.


மே 6, செவ்வாய்

வீரபாண்டியில் இன்று திருவிழா ஆரம்பம். பஸ்ஸெல்லாம் மஞ்சள் சேலை. மதினி ஒரு நேர வேலைக்குப் போய்விட்டு வந்தாக.

மதியம் தொட்டி துடைக்கும்போது பார்த்தேன். கிழங்கின் வால் ஓரம் வெள்ளை. இத்தனை நாள் போகாத மஞ்சள் இரண்டே நாளில் கரைந்துகொண்டிருக்கிறது. வாலில் சின்னதாக ஒரு கிழிசல் உண்டே, அது எங்கே? குனிந்து பார்த்தேன். இல்லை.

பாப்பா பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நீ பயப்பட மாட்டியே?"

"எதுக்குடா?"

"அழ மாட்டியே?"

"மாட்டேன்."

"கிழங்கு செத்துப்போச்சு. நாம ஆஸ்பத்திரில இருந்தப்பவே. அத்தை மரத்தடில குழி தோண்டிப் பொதைச்சிருச்சு. நான் மேல ஒரு கல்லு வச்சேன். இதை அப்பா வாங்கியாந்தாக, இட்லி வாங்கப் போனப்ப. அத்தை மஞ்சத் தண்ணில முக்கிச்சு." கையை மீன் மாதிரி முக்கிக் காட்டினாள். "அம்மாட்டச் சொல்லாத, அம்மா பயந்துக்கும், ராவெல்லாம் தூங்காது, சோறு திங்காதுன்னு அத்தை சொல்லிச்சு. அப்பாவும் சொன்னாக."

"நீ அழுதியா?"

"கொஞ்சம். மரத்தடில. நீ தூங்கினப்ப."

இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். நாலரை வயதுப் பிள்ளைக்குத் தெரியும். என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள், காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி.

கிழங்கு செத்தது சனிக்கிழமை. பாப்பாவுக்கு 103 ஏறியதும் சனிக்கிழமை. அந்த இரவு முழுக்கத் தொட்டியில் ஒன்றுதான் இருந்திருக்கிறது. வலிப்பு வரவில்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் கொல்லவில்லை. வேப்பிலை கொல்லவில்லை. நாலு பாட்டில். வீட்டைத் திறந்தவுடன் மதினி அதைத்தானே பார்த்திருப்பாக, நாலும் மிதந்ததை. செத்துப்போனா நீங்கதான் பதில் சொல்லணும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னவள் நான். ஒரு வார்த்தை, ஒரு ஜாடை இல்லை. பாட்டிலைக் கழுவித் தண்ணீர் அடைத்து வைத்திருக்காக.

சாயங்காலம் மெஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நைட்டிக் கழுத்துக்குப் பட்டை தைத்துக்கொண்டிருந்தாக.

"மதினி, கிழங்கு நல்லாருக்குல்ல?"

"அதுக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்கு." நிமிரவில்லை.

"வியாழக்கெழமை கம்பத்துக்கு நானும் வாரேன். பாப்பாவையும் கூட்டிக்கிரலாம். விடியுமுன்ன போய்ட்டு வெயிலுக்குள்ள திரும்பிரணும்."

மெஷின் நின்றது. நூலைப் பல்லால் கடித்தாக. ரொம்ப நேரம் கடித்தாக.

"நீதான் நம்ப மாட்டியே."

"நம்பலதான். ஊத்துறேன்."

"சின்னச் சொம்பா எடுத்துக்க. புள்ளைக்குக் கனமா இருக்கும்" என்றுவிட்டு மறுபடி பெடலை மிதித்தாக. பட்டை கோணலாகப் போனது. பிரித்துத் தைத்தாக.

படுக்கும் முன் தீனி போடப் பாப்பாவே வந்தாள். புதிய மீனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். விரலை வாயில் வைத்தாள்.

"மெதுவாப் பேசும்மா. அது தன்னையக் கிழங்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

இப்போது தூங்கிவிட்டாள். தொட்டி 30. ஒரு பாட்டில்தான் போட்டேன். நெற்றியைத் தொட எழுந்தேன், தெர்மாமீட்டரும் கையில். கதவு வரை போனேன். ஃபேனை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, தொடாமலே திரும்பி வந்துவிட்டேன்.